அளவில் அடங்கிய கடற்படை: பாய்மரப் போர்க்கப்பல் மாதிரிகளும் நமது கடல் வரலாறும்

கடலில் செல்லும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. நூஹ் (அலை) அவர்களின் மரக்கலத்தைக் குறிப்பிடும் அல்கமர் அத்தியாயமோ, அதனைப் பெயரால் சுட்டாமல், எவற்றால் ஆனது என்பதைக் கொண்டே சுட்டுகிறது: பலகைகள், அவற்றோடு 'துஸுர்'. இச்சொல்லுக்கு ஆணிகள் என்பதே விரிவுரையாளர்களுள் பெரும்பாலோர் கொண்ட பொருள். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அரபு அகராதிகள் தருகின்றன. ஆணியால் அறைந்த கப்பல், கயிற்றால் தைத்த கப்பல் என்று உலகக் கப்பற்கலை கண்ட இரு பெரும் மரபுகளும் இவ்வொரு சொல்லின் இரு பொருள்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

தமிழ் முஸ்லிம்களுக்கு இக்கலை புறம்பானதன்று. 'சுக்கான்' அரபுச் சொல். 'மாலுமி' என்பது 'முஅல்லிம்' என்பதன் திரிபு. கப்பல் தலைவனைக் குறிக்கும் 'நாகுதா' பாரசீகத்திலிருந்து வந்தது. 'மரைக்காயர்' என்ற பெயரிலேயே மரக்கலம் இருக்கிறது என்று கொள்வோரும், 'மர்கப்' என்னும் அரபுச் சொல் இருக்கிறது என்று கொள்வோரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் அது கப்பலின் பெயரே. சொற்கள் நிலைத்துவிட்டன, கப்பல்கள் நிலைக்கவில்லை. மரம் உளுத்துப் போகும். உடைந்த கலத்தின் பலகை அடுப்புக்கோ வீட்டுக் கூரைக்கோ போய்ச் சேரும். மயிலாப்பூரின் பெரிய ஏரி ஒன்றே 1920களில் தூர்ந்து தியாகராய நகராக மாறிவிட்ட ஊரில், மரக்கலங்கள் சுவடின்றி மறைந்தது வியப்பன்று.

மறைந்துபோன போர்க்கப்பலை மீண்டும் காண்பதற்குரிய வழிகளுள் ஒன்று, அதனைக் குறித்த அளவில் சுருக்கிக் கட்டிப் பார்ப்பது. மேலைநாடுகளில் இது பொழுதுபோக்காகவும் ஆய்வு முறையாகவும் வளர்ந்திருக்கிறது. நம்மிடையே கப்பல் மாதிரி என்றால் கண்ணாடிப் பேழையில் வைக்கும் அலங்காரப் பொருள் என்ற எண்ணமே மேலோங்கியுள்ளது. அளவோடு கட்டிய மாதிரி ஒரு வாதம். 'நம் முன்னோர் கடலை ஆண்டனர்' என்ற பெருமிதத்தை அது சோதித்துப் பார்க்கிறது. எது உண்மை, எது மிகை, எது நாம் கவனிக்கத் தவறிய உண்மை என்பதைப் பிரித்துக் காட்டுகிறது. அவ்வகையில் இக்கலையை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாதிரியும் பொம்மையும்

சிறு கப்பல் செய்யும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 2000ஐ ஒட்டி வாழ்ந்த மெகெத்ரே என்னும் எகிப்திய அதிகாரியின் கல்லறையில் மரத்தாலான படகு மாதிரிகள் பல கிடைத்தன. ஐரோப்பாவில், கடலில் உயிர் பிழைத்தோர் நேர்ச்சையாகச் சிறு கப்பல்களைத் தேவாலயங்களில் தொங்கவிட்டனர். இவை பக்தியின் அடையாளங்கள். அளவுக்கு உட்பட்டவை அல்ல.

அளவுக்கு உட்பட்ட போர்க்கப்பல் மாதிரி, பதினேழாம் நூற்றாண்டின் இடையில் இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தின் காலத்தில் முறைப்படுத்தப்பட்டது. 1:48 என்ற விகிதம் அங்கே வழக்கமாயிற்று. ஓர் அடியைக் கால் அங்குலமாகக் குறைப்பது என்பதே அதன் பொருள். இம்மாதிரிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகை போர்த்தாமல், உள்ளே உள்ள விலாமரங்களை வெளியே தெரியும்படி விட்டுவிடுவர். பார்ப்பவர் கப்பலின் எலும்புக்கூட்டை அறிய வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்தனர். பிரெஞ்சுப் புரட்சிப் போர்களிலும் நெப்போலியப் போர்களிலும் பிரிட்டனில் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக் கைதிகள், உணவில் மிஞ்சிய எலும்பைச் செதுக்கி அழகிய போர்க்கப்பல்களைச் செய்து விற்றனர். அவற்றின் வேலைப்பாடு வியக்கத்தக்கது. ஆயினும் நினைவிலிருந்து செய்தமையால் அளவுகள் பிறழ்ந்திருக்கும். அழகும் ஆதாரமும் ஒன்றல்ல என்பதற்கு இவ்விரு வகைகளும் நல்ல சான்று.

இஸ்லாமிய அறிவியல் மரபிலும் இவ்வெண்ணத்துக்கு வேர் உண்டு. தியார்பக்கிர் நகரில் அர்துகிய மன்னர்களின் அவையில் பணிபுரிந்த அல்ஜஸரீ, 1206இல் முடித்த தம் பொறியியல் நூலில், நீர்த்தேக்கத்தில் மிதக்கும் இயந்திரப் படகு ஒன்றை விவரிக்கிறார். உறுப்புகளின் அளவைப் படிப்பவர் தாமே செய்துகொள்ளும் வகையில் எழுதியதே அந்நூலின் தனிச்சிறப்பு. நம் காலத்தில் பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் (1924–2018) இவ்வழியைப் பெரிதாக விரித்தார். 1982இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் அவர் நிறுவிய ஆய்வகம், அரபு அறிஞர்களின் நூல்களில் விவரிக்கப்பட்ட கருவிகளை ஒவ்வொன்றாக மீண்டும் செய்தது. 2008இல் இஸ்தான்புல்லின் குல்ஹானே பூங்காவில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அம்முயற்சியின் கனி. எழுத்தில் இருப்பதைப் பொருளாகச் செய்துபார்க்கும்போதுதான் எழுத்தின் ஐயங்கள் வெளிப்படுகின்றன என்பது அவருடைய பணி தரும் பாடம்.

மாதிரி செய்வது மார்க்க அடிப்படையில் தகுமா என்று கேட்போர்க்கு ஒரு சொல். உயிரற்ற பொருள்களின் வடிவத்தைச் செய்வதற்குத் தடையில்லை என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஓர் ஓவியருக்குக் கூறிய அறிவுரையிலிருந்து அறிஞர்கள் கொண்ட கருத்து. ஐரோப்பியக் கப்பல்களின் முன்னால் செதுக்கப்படும் மனித உருவங்களும் விலங்குருவங்களும் வேறு வகையின. அவற்றை விலக்கிக் கட்டுவோர், விலக்கியதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தால் மாதிரியின் நேர்மைக்குக் குறைவில்லை.

மயிலாப்பூர்க் கரையின் மூன்று பாடங்கள்

பாய்மரப் போர்க்கப்பலைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதைச் சென்னையின் தென்கரையே சொல்லும். மயிலாப்பூரின் சாந்தோம் முதல் அடையாற்றுக் கழிமுகம் வரையுள்ள சில கிலோமீட்டர்க் கரையிலும் அதற்கு அப்பால் விரியும் கடலிலும் முஸ்லிம் அரசுகள் மூன்று முறை ஒரே பாடத்தைக் கற்றன.

முதலாவது, சாந்தோம் முற்றுகை. போர்த்துகீசியரிடமிருந்து கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி அரசு 1662இல் சாந்தோமைக் கைப்பற்றியிருந்தது. 1672 ஜூலையில் டி லா ஹே என்னும் தளபதியின் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்கள் அதனைப் பிடித்தன. கோல்கொண்டாப் படை நிலத்தில் சூழ்ந்துகொண்டது. ஆனால் கடல் பக்கம் திறந்திருக்கும் வரை முற்றுகை முற்றுகையாகாது. கடலை அடைக்கச் சுல்தானிடம் கப்பல்கள் இல்லை. டச்சுக்காரர்களின் கடற்படை வந்து கடலை மறித்த பின்னரே, 1674 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர். சொந்த மண்ணில் உள்ள கோட்டையை மீட்க, தொலைதேசத்து வணிகக் கும்பெனியின் கப்பல்களை நம்ப வேண்டியிருந்தது.

இரண்டாவது, அடையாற்றுப் போர். 1746இல் லா பூர்தொனே கொண்டுவந்த பிரெஞ்சுக் கடற்படை புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. ஆற்காட்டு நவாப் அன்வருத்தீனின் மைந்தர் மஹ்ஃபூஸ் கான் பெரும்படையுடன் மீட்க வந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில், இன்று குயிபிள் தீவு என வழங்கும் அடையாற்றுப் பகுதியில், பாரடிஸ் என்பவர் தலைமையில் வந்த ஆயிரம் பேர்கூட இல்லாத படை, ஆற்றைக் கடந்து சுட்டவாறே முன்னேறி நவாபின் படையைச் சிதறடித்தது. வரலாற்று நூல்கள் இதனைப் பயிற்சி பெற்ற காலாட்படையின் வெற்றியாகவே எழுதுகின்றன. அது உண்மையே. ஆனால் அக்காலாட்படையையும் துப்பாக்கியையும் அக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது கப்பல். அதே ஆண்டு அக்டோபரில் வீசிய புயல் லா பூர்தொனேயின் கப்பல்களுள் சிலவற்றை மூழ்கடித்து மற்றவற்றின் பாய்மரங்களை முறித்துப்போட்டது. துறைமுகமற்ற இக்கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு எந்தக் கடற்படையும் அஞ்ச வேண்டியிருந்தது.

மூன்றாவது, ஹைதர் அலியின் காலம். கன்னடக் கரையை வென்ற பின் ஹைதர் கடற்படை ஒன்றை அமைத்தார். கண்ணூர் அலி ராஜாவின் உதவியும் அவருக்குக் கிடைத்தது. 1780 டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ் மங்களூரில் அக்கப்பல்களை அழித்தார். பிறகு ஹைதர் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் கப்பல்களை நம்பினார். 1782 பிப்ரவரியில் சென்னைக்கு எதிரே தோன்றிய சுஃப்ரேன், அம்மாதம் 17ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஹியூஸுடன் முதல் போரை நடத்தினார். 1783 ஜூன் வரை இவ்விருவரும் ஐந்து முறை மோதினர். 1782 ஜூலையில் கடலூர் அருகே ஹைதரும் சுஃப்ரேனும் நேரில் சந்தித்தனர். தென்னிந்தியாவின் மிகப் பெரிய நிலப்படையைத் திரட்டிய மன்னர், கடலுக்கு இன்னொருவரின் கையை எதிர்பார்த்து நின்றார். இளவரசர் திப்பு அப்போது தமிழகப் போர்க்களங்களில் இருந்து இவற்றையெல்லாம் கண்டார்.

ஒரே அளவில் நிறுத்தினால்

இம்மூன்று நிகழ்வுகளிலும் குறைபட்டது என்ன? வீரமா, தச்சுத் திறனா, பணமா? ஏட்டில் இதற்கு விடை காண்பது கடினம். கப்பல்களை ஒரே விகிதத்தில் கட்டி ஒரே மேசையில் வரிசையாக நிறுத்தினால் விடை கண்முன் தெரியும். 1:100 இதற்கு வசதியான அளவு; மீட்டர் சென்டிமீட்டராகிவிடும்.

முதலில் ஓர் உஸ்மானியக் 'காதிர்கா'. துடுப்பால் ஓடுவதும் பாயும் உடையதுமான போர்க்கலம் இது. இஸ்தான்புல் கடற்படை அருங்காட்சியகத்தில் மெய்யான கலம் ஒன்றே பாதுகாக்கப்பட்டுள்ளது. நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அகலம் 6 மீட்டருக்கும் குறைவு. பக்கத்துக்கு 24 துடுப்புகள். வலிப்போர் 144 பேர். நம் மேசையில் அது 40 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த அகலமும் கொண்ட மெலிந்த உருவமாக நிற்கும்.

அதன் அருகில் 74 பீரங்கிகள் கொண்ட அணிவரிசைப் போர்க்கப்பல். பிரெஞ்சுக் கப்பற் பொறியாளர் சானே 1782இல் வகுத்த வடிவம் இவ்வகையின் சிகரம் எனலாம். அதன் நீளம் சுமார் 56 மீட்டர், அகலம் ஏறத்தாழ 14.5 மீட்டர். மாதிரியில் 56 சென்டிமீட்டர், 14.5 சென்டிமீட்டர். நீளத்தில் இது காதிர்காவைவிட ஒன்றரை மடங்கைக்கூட எட்டவில்லை. அகலத்திலோ இரண்டரை மடங்கு. ஆழத்தையும் சேர்த்துப் பார்த்தால், காதிர்கா ஓர் ஓலைபோலவும் மற்றது ஒரு பெட்டகம்போலவும் தோன்றும்.

பீரங்கியை எங்கே வைப்பது என்று இப்போது பார்ப்போம். காதிர்காவின் இரு பக்கங்களையும் துடுப்புகளும் வலிப்போரும் நிறைத்துவிடுகின்றனர். எனவே கனமான பீரங்கிகள் முன்முனையில் மட்டுமே நிற்க முடியும். 74 பீரங்கிக் கப்பலில் துடுப்பில்லை. இரண்டு தளங்களின் முழு நீளமும் பீரங்கிகளுக்கு உரியது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே நேரத்தில் சுடலாம். மத்தியதரைக் கடலின் அமைதியான நீரில் காதிர்கா வல்லமை மிக்கது. பருவக்காற்று வீசும் இந்தியப் பெருங்கடலில் அதன் தாழ்ந்த விளிம்பே அதற்குப் பகை. உஸ்மானியக் கடல் தளபதி செய்தி அலி ரெய்ஸ் 1554இல் தம் கலங்களைப் புயலுக்கும் போருக்கும் இழந்து, குஜராத் கரையில் ஒதுங்கி, தரைவழியாகத் தாயகம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதாக நம் பெருங்கடலின் சொந்தக் கலங்கள். டிம் செவரின் ஓமானில் கட்டி 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு ஜூலையில் சீனத்தின் கான்டன் சேர்ந்த 'சோஹார்' என்னும் மீட்டுருவாக்கக் கப்பல் சுமார் 26.5 மீட்டர். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டறியப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலை அடியொற்றிக் கட்டி, 2010இல் மஸ்கட்டிலிருந்து கொச்சி, காலி வழியாகச் சிங்கப்பூர் சென்ற 'மஸ்கட்டின் மணி' 18 மீட்டர். மேசையில் முறையே 26.5, 18 சென்டிமீட்டர். அகன்ற வயிறு, ஆணி இல்லை, தென்னை நார்க்கயிற்றுத் தையல். சரக்கையும் ஹஜ் பயணிகளையும் சுமப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. கரையில் மோதினால் சிதறாமல் நெகிழ்ந்துகொடுக்கும். ஆனால் பலகையைப் பலகையோடு தைத்த உடல், தளம் முழுவதும் கனத்த பீரங்கிகளின் உதைப்பைத் தாங்குவது அரிது.

நான்காவதாகக் குஞ்ஞாலி மரைக்காயர்களின் கலங்கள். இவற்றுக்கு அளவு வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. போர்த்துகீசியர் 'பராவ்' என்று குறித்த அவை துடுப்பும் பாயும் உடைய, ஆழமற்ற நீரில் ஓடும், விரைந்து திரும்பும் சிறு கலங்கள். மாதிரி வரிசையில் இவை மிகச் சிறியனவாகவே இருக்கும். எனினும் அடிப்பகுதியைப் பாருங்கள். ஆழ்ந்து மிதக்கும் போர்த்துகீசியக் கப்பல் நுழைய முடியாத ஆற்று முகத்திலும் உப்பங்கழியிலும் இவை நுழைந்து மறையும். பதினாறாம் நூற்றாண்டு முழுவதும் போர்த்துகீசியர்க்குத் தலைவலியாக இருந்ததன் இரகசியம் இந்த ஆழமின்மையே. கலம் கரையை ஒட்டி நின்றுவிட்டால் இதே இயல்பு பாதுகாப்பாகாது. 1538இல் இராமநாதபுரம் கரையில் வேதாளையில் மரைக்காயர் படை தோற்றதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். மலபாரின் கோட்டக்கல்லில் அவர் குடும்பத்தின் நினைவு அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது.

இவ்வரிசையைக் கண்டவர் இரண்டு முடிவுகளுக்கு வருவார். நம் முன்னோர் கட்டிய கலங்கள் தாழ்ந்தவை அல்ல. அவை வேறு பணிக்காகக் கட்டப்பட்டவை. கடலின் மேல் அதிகாரம் செலுத்தும் பீரங்கி மேடையாகக் கப்பலைக் கருதும் எண்ணம், நம் கரைகளின் அரசுகளுக்கு மிகத் தாமதமாகவே வந்தது.

கட்டும் முறை

மாதிரி கட்டுவோர்க்குத் தமிழ்க் கடலோரத்தின் சொற்களே போதும். அடியில் நீளமாகக் கிடக்கும் மரம் 'ஏரா'. அதிலிருந்து இருபுறமும் வளைந்தெழும் விலாமரங்கள் 'வங்குகள்'. முன்பகுதி 'அணியம்', பின்பகுதி 'அமரம்'. பாயைத் தாங்கும் குறுக்குமரம் 'பருமல்'. ஐரோப்பிய முறையில் ஏராவை வைத்து, வங்குகளை நிறுத்தி, பிறகு பலகையைப் போர்த்துவர். எனவே வரைபடத்தில் ஒவ்வொரு வங்கின் வளைவும் தனித்தனியே வரையப்பட்டிருக்கும். மாதிரி செய்பவர் அவ்வளைவுகளை மெல்லிய பலகையில் அறுத்து வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேல் கீற்றுகளை வெந்நீரில் நனைத்து வளைத்து ஒட்டுகிறார்.

தைத்த கப்பலில் இவ்வொழுங்கு தலைகீழாகும். முதலில் பலகையோடு பலகை தைக்கப்பட்டு உடல் உருவாகும். வங்குகள் பிறகே உள்ளே பொருத்தப்படும். வடிவம் வரைபடத்தில் இல்லை. மேஸ்திரியின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. ஐரோப்பிய முறையில் இம்மாதிரியைச் செய்ய முயல்பவர், வங்குகள் எங்கே வர வேண்டும் என்று தெரியாமல் திகைப்பார். அத்திகைப்பே பயனுள்ளது. நம் தச்சர்கள் எந்த அறிவை எழுதாமல் சுமந்தனர் என்பதை அது உணர்த்துகிறது. சோஹார் கப்பலைத் தைக்க இலட்சத்தீவுக் கைவினைஞர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அவர்கள் அறிந்ததை எந்த நூலும் அறிந்திருக்கவில்லை.

விகிதத்தைத் தேர்வதும் பொருளைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள கயிறு 1:100இல் 0.12 மில்லிமீட்டராகும், தலைமயிர் அளவு. அதைக் கொண்டு தையலைக் காட்ட முடியாது. தைத்த கப்பலுக்கு 1:10 அல்லது 1:20, அணிவரிசைக் கப்பலுக்கு 1:48 அல்லது 1:64, ஒப்பீட்டுக்கு 1:100 என்று கொள்வது பொருத்தம்.

சென்னையின் சொந்தப் படகும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. துறைமுகம் வருமுன், கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றிய 'மசூலா' ஆணியின்றித் தைத்த படகே. 1829 முதல் 1832 வரை 'லா ஃபாவரித்' கப்பலில் உலகைச் சுற்றிய பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரிஸ், சோழமண்டலக் கரையின் படகுகளை அளந்து வரைந்தார். 1871 முதல் தம் மறைவு வரை பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்து, அவ்வரைபடங்களிலிருந்து ஏராளமான மாதிரிகளைச் செய்வித்தார். சென்னைக் கடற்கரையில் நூற்றாண்டுகள் உழைத்த படகை அளவோடு பதிந்து காத்தவர் அயல்நாட்டவர் என்பது நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

நீரில் விட்டால்

மேசையில் நிற்கும் மாதிரி வடிவத்தைச் சொல்லும், ஓட்டத்தைச் சொல்லாது. நீளம் நூறில் ஒன்றாகும்போது பாயின் பரப்பு பத்தாயிரத்தில் ஒன்றாகிறது; எடை பத்து இலட்சத்தில் ஒன்றாகிறது. சுமார் 3,000 டன் நீரை விலக்கும் 74 பீரங்கிக் கப்பல், மாதிரியில் 3 கிலோ எடையாகிவிடும். ஆனால் காற்று சுருங்குவதில்லை. கப்பலைச் சாய்க்கும் காற்றின் திருப்புவிசை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. நிமிர்த்தும் எடையின் திருப்புவிசை நான்மடிக்கு ஏற்பக் குறைகிறது. எனவே அதே காற்றில் 1:100 மாதிரி, மெய்க்கப்பலைவிட நூறு மடங்கு எளிதில் கவிழும். குளத்தில் விட்ட மாதிரி உடனே சாய்ந்தால் முன்னோரின் வடிவம் தவறு என்று முடிவுகட்டக் கூடாது.

இச்சிக்கலுக்கு நெறி வகுத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபிரூட். 1870களின் தொடக்கத்தில் டார்க்கி நகரில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, மாதிரிகளை அதில் இழுத்து ஆராய்ந்தார். வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைத்தால் மாதிரி எழுப்பும் அலை மெய்க்கப்பலின் அலையை ஒத்திருக்கும் என்பது அவருடைய விதி. 10 கடல்மைல் வேகத்தில் ஓடும் கப்பலின் 1:100 மாதிரியை 1 கடல்மைல் வேகத்திலும், 1:25 மாதிரியை 2 கடல்மைல் வேகத்திலும் இழுக்க வேண்டும். அடையாற்றை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறையில் இத்தகைய இழுவைத் தொட்டி இருக்கிறது. இன்றைய கப்பல்களுக்காக அமைந்ததாயினும் அதன் விதி பழைய கப்பலுக்கும் பொருந்தும்.

திப்புவின் நாற்பது கப்பல்கள்

மேற்சொன்ன பாடங்களை ஏட்டிலன்றித் தம் வாழ்விலேயே கற்றவர் திப்பு சுல்தான். 1796இல் அவர் பிறப்பித்த கடற்படை ஆணைகள் இதற்குச் சான்று. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 'மீர் யம்' எனப்பட்ட பதினொருவர் கொண்ட வாரியம். அவர்களின் கீழ் 'மீர் பஹ்ர்' எனப்பட்ட முப்பது தளபதிகள். மேற்குக் கரையில் மங்களூரை உள்ளிட்ட மூன்று நிலையங்கள். ஏறத்தாழ 40 போர்க்கப்பல்கள். அவற்றுள் பெரியவை 72 பீரங்கிகள் உடையவை. அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு பொருத்த வேண்டும் என்றும் ஆணையிட்டார். கப்பல்களுக்குரிய மாதிரியைச் சுல்தானே வகுத்தளித்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் செய்தி.

செப்புத் தகடு சிறு விவரமன்று. வெப்பக் கடலில் மரத்தைத் துளைக்கும் புழுவையும் ஒட்டி வளரும் பாசியையும் அது தடுக்கும். சுஃப்ரேனின் கப்பல்களுள் தகடு பொருத்தியவை சிலவும் பொருத்தாதவை சிலவும் கலந்திருந்ததால் வேகம் வேறுபட்டு, அணி குலைந்ததுண்டு. 74 பீரங்கிக் கப்பலின் மாதிரியில் அடிப்பகுதிக்குச் செப்புச் சதுரங்களை ஒவ்வொன்றாக ஒட்டும்போது, திப்பு எதைக் கண்டு எதைக் கற்றார் என்பது கைக்கே விளங்கிவிடும். மேசையில் காதிர்காவிலிருந்து பராவ் வரை நிறுத்திப் பார்த்து நாம் அடையும் முடிவை, அவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அடைந்து ஆணையாக எழுதினார்.

ஆனால் கப்பற்படை மூன்றாண்டில் உருவாவதில்லை. மரம் அறுத்து உலர்த்தவே ஆண்டுகள் வேண்டும். அதற்கு மேல் தச்சரையும் மாலுமியரையும் பீரங்கி வீரரையும் பழக்க வேண்டும். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தது, சுல்தான் ஷஹீதானார். நாற்பது கப்பல் அணி கடலைக் காணவில்லை.

அதன் பிறகு நடந்ததே நெஞ்சைத் தொடுவது. மலபாரின் தேக்குக் காடுகள் கும்பெனியின் கைக்குப் போயின. 1806இல் அக்காடுகளுக்கென ஒரு காப்பாளரை அது நியமித்தது. கடற்படைக்கு மரம் தேடியே அந்நியமனம். பம்பாயின் பார்சிக் கப்பற்கலைஞர்களான வாடியாக்கள் தேக்கில் கட்டிய 74 பீரங்கிக் கப்பல் 'மிண்டன்' 1810இல் நீரில் இறங்கியது. அடுத்து 1813இல் 'கார்ன்வாலிஸ்'. சீனத்தை அடிபணியவைத்த நான்கிங் உடன்படிக்கை 1842இல் இக்கப்பலில்தான் கையெழுத்தாயிற்று. 1817இல் மிதக்கவிடப்பட்ட மலபார்த் தேக்குக் கப்பல் 'டிரிங்கோமலி' இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதக்கிறது. திப்புவின் கப்பல்களாக ஆகியிருக்கக்கூடிய வகை மரம் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. மரமும் நம் மண்ணுடையது, கைத்திறனும் நம் மண்ணுடையது. கொடி மட்டும் அயலாருடையது.

நாம் செய்யத்தக்கவை

இத்தகைய ஒப்பீட்டு வரிசை ஒன்று சென்னையில் அமைவது கடினமன்று. இராயப்பேட்டையில் 1951 முதல் இயங்கும் புதுக்கல்லூரியும், தேனாம்பேட்டையில் 1955இல் தோன்றிய நீதிபதி பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரியும் அடையாற்றுப் பொறியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளன. வரலாற்று மாணவர் ஆவணத்தைப் படிக்க, கணித மாணவர் அளவைச் சுருக்க, கைத்திறனுடையோர் மரத்தை அறுக்க, ஒரு காதிர்கா, ஒரு தைத்த கப்பல், ஒரு பராவ், ஒரு 74 ஆகிய நான்கையும் ஒரே அளவில் கட்டி நூலகத்தில் வைக்கலாம். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். எந்த அளவு ஆவணத்திலிருந்து வந்தது, எது ஒப்புமையால் கொண்டது, எது ஊகம் என்பதை அது பிரித்துச் சொல்ல வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து தரம் பிரித்த சமுதாயத்துக்கு இந்த ஒழுக்கம் புதியதன்று. குறிப்பேடு இல்லாத கப்பல் எவ்வளவு அழகாயினும் பொம்மையே.

இதைவிட விரைந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கடற்கரை ஊர்களில் மரத்தோணி கட்டிய மேஸ்திரிகளும் பாய் விரித்து ஓடிய முதியோரும் அருகிவருகின்றனர். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் வெளியிட்ட 'கப்பல் சாத்திரம்', ஏராவின் நீளத்தையும் அதற்குரிய நிமித்தங்களையும் பேசுகிறது. பலகையை வளைக்கும் கையின் அறிவு அதில் முழுமையாக இல்லை. அவ்வறிவு இன்னும் சிலருடைய நினைவில் மட்டுமே வாழ்கிறது. அவர்களை அமரவைத்து, ஒரு தோணியை 1:10 அளவில் கட்டித் தரச் சொல்லி, அவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டால், அம்மாதிரி ஒரு நூலகத்துக்கு இணையாகும். பேயப்பூரில் உரு கட்டும் மரபு இன்னும் மறையவில்லை. அங்கே விற்பனைக்குச் செய்யும் சிறு உருக்கள் பார்வைக்கு இனியவை. அவற்றை அளவோடு செய்விக்கும் பொறுப்பு நம்மைப் போன்ற வாசகர்களுடையது.

முஆவியா (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 28ஐ ஒட்டிச் சைப்ரஸ் தீவுக்குக் கப்பற்படை அனுப்பியபோது, கடலை அறியாத அரேபியர் சிரியா, எகிப்துக் கரைகளின் கப்பற்கலைஞர்களையும் மாலுமிகளையும் துணைகொண்டனர். சில ஆண்டுகளில், பாய்மரங்களின் போர் எனப்படும் தாத்துஸ் ஸவாரியில், கி.பி. 655இல், பைசாந்தியக் கடற்படையை வென்றனர். அறியாததைப் பிறரிடம் கற்றுத் தமதாக்கிக்கொண்ட அந்த மனப்பாங்கே அவர்களுக்குக் கடலைத் திறந்தது. நமக்கோ கற்பதற்கு வேற்று நாட்டவரைத் தேட வேண்டியதில்லை. சுக்கான், மாலுமி, நாகுதா என்று நாவில் இன்னும் வழங்கும் சொற்களுக்கு உரிய பொருளைக் கைகளால் மீண்டும் செய்துபார்த்தால் போதும்.